டேஷ்போர்டை எங்கள் தலையில் கட்டாதீர்கள்: சி.எஸ்.ஆர். குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சமுதாயத் திட்டங்களுக்கு நிதி வழங்கும் நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (பெருநிறுவன சமூகப் பொறுப்பு) குழு உறுப்பினர்களுக்கும், அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம்.

ஏப்ரலில் புதிய நிதியாண்டு பிறப்பதற்குள் ஒப்பந்தங்கள் வரிசையாகக் கையெழுத்தாகும். அவற்றின் பின்னிணைப்பில், அநேகமாகக் கடைசிப் பக்கத்தில், ஒரு வரி இருக்கும்: திட்டத்தின் எல்லாத் தரவுகளையும் நிதி வழங்குபவர் குறிப்பிடும் தளத்தில்தான் பதிவேற்ற வேண்டும். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. எந்தச் செலவுக்கு என்ன விளைந்தது என்று கேட்காத நிதியாளரைவிடக் கேட்கிற நிதியாளர் எங்களுக்கு நல்லவர். ஆனால் அந்தக் கணக்கை எந்த மென்பொருளில் எழுதுவது என்பதைக் களத்தில் எழுதுகிறவர்கள் முடிவு செய்யட்டும்.

ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் இயங்கும் சிறு தொண்டு நிறுவனங்களுக்குத் தரவுப் பணி செய்கிறேன். மாலை நேரப் படிப்பு மையங்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், வளரிளம் பெண்களுக்கான ரத்தசோகைத் தடுப்பு, ஊருணி தூர்வாருதல் என்று ஒரே நிறுவனம் மூன்று நான்கு வேலைகளை எடுத்துச் செய்யும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிதியாளர். ஆகவே ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு செயலி. படிப்பு மையத்தின் ஆசிரியை ஒரு பிள்ளையின் வருகையை முதலில் நோட்டில் எழுதுவார். பிறகு முதல் நிதியாளரின் செயலியில் ஏற்றுவார். அதே பிள்ளைக்கு மாலைச் சுண்டல் தருவது இரண்டாவது நிதியாளர் என்பதால் அவருடைய செயலியிலும் ஏற்றுவார். மாத இறுதியில் எங்கள் அலுவலகத்துக்கு ஓர் எக்செல் தாள். பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடு) எண் தனியாக இருக்கிறது. அது இந்த எதனோடும் பேசாது. இந்த ஆசிரியைக்கு நாம் தரும் மதிப்பூதியத்தை உங்கள் அலுவலகத்தில் தேநீர்ச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், ஏதாவது சந்தேகம் வந்தால் நாங்கள் எல்லோரும் எடுத்துப் பார்ப்பது அந்த நோட்டைத்தான். நீங்கள் அனுப்பும் தணிக்கையாளரும் அதைத்தான் கேட்கிறார்.

மென்பொருள் எப்படித் தேர்வாகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஓர் ஓட்டல் அரங்கு. திரையில் டேஷ்போர்டு, அதாவது எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் பலகை: தமிழ்நாட்டு வரைபடம். மாவட்டத்தைத் தொட்டால் வட்டாரம் விரிகிறது, வட்டாரத்தைத் தொட்டால் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் மின்னுகின்றன. எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. அந்தப் புள்ளிகள் எல்லாம் விற்பனையாளர் நிரப்பிக் கொண்டுவந்த மாதிரித் தரவு. அந்தப் பக்கத்தை வருடத்துக்கு நான்கு முறை பார்ப்பவர்கள் அரங்கில் இருக்கிறார்கள். படிவத்தை வாரம் ஆறு நாள் நிரப்பப்போகிறவர் இல்லை. கீறல் விழுந்த திரையும் நிரம்பி வழியும் நினைவகமும் உள்ள ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில், கமுதிப் பக்கத்து வெயிலில், சிக்னல் இல்லாத இடத்தில் அந்தப் படிவம் எப்படித் திறக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பதிவு செய்யும்போது பாதியில் அழைப்பு வந்தால் எழுதியது நிற்குமா, அழியுமா? மூன்று நாள் கழித்து சிக்னல் கிடைத்தால் சேமித்தவை தாமாக மேலேறுமா? தவறாகப் போட்ட வயதை ஆசிரியையே திருத்த முடியுமா, அல்லது பெங்களூரில் இருக்கும் உதவி மையத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போட வேண்டுமா? தேர்வை முடிவு செய்ய வேண்டியவை இந்தக் கேள்விகள். இவற்றுக்கு விடை, கைபேசியைக் களத்துக்கு எடுத்துப்போனால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதையும் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓ.டி.கே. திறமூல மென்பொருள், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்; இணையம் இல்லாமலே படிவம் நிரப்பலாம். அதன் அடித்தளத்தில் ஹார்வர்ட் மனிதநேய முன்முயற்சியில் வளர்ந்தது கோபோ டூல்பாக்ஸ். இரண்டிலும் கேள்விகளை ஒரு எக்செல் தாளில் எழுதினால் போதும். பக்கத்துப் பத்தியில் தமிழ் வாசகத்தைச் சேர்த்தால் கைபேசியில் தமிழில் வரும். எங்கள் அலுவலகத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் இதைச் சில நாள்களில் கற்றுக்கொண்டு, இன்று எல்லோருக்கும் படிவம் அமைத்துத் தருகிறார். டிமாகி நிறுவனத்தின் காம்கேர் வேறு வகை: ஒரே நபரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்காக உருவானது. இந்தியாவில் உருவான திறமூல அவ்னியும் அந்த வழியில் வந்தது. ஓஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த டி.எச்.ஐ.எஸ்.2 பல நாடுகளின் சுகாதார அமைச்சகங்களில் ஓடுகிறது. மாவட்டம், வட்டாரம் என்று கூட்டுத்தொகைகளைத் தொகுப்பதற்காகப் பிறந்தது, தனிநபரைத் தொடரும் பகுதி பின்னால் வந்தது.

இந்த வேறுபாடு நுணுக்கம்போலத் தோன்றலாம். ஆனால் திட்டம் வென்றதா தோற்றதா என்பதே இதைப் பொறுத்துத்தான் தெரியவரும். ரத்தசோகைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளரிளம் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை. நிதியாளர் தந்த கருவி வெறும் கணக்கெடுப்புக் கருவி: தொடக்கத்தில் ஒரு சராசரி, முடிவில் ஒரு சராசரி. சராசரி உயர்ந்திருந்தால் டேஷ்போர்டு பச்சையாகும். ஆனால் நடுவில் என்ன நடந்திருக்கும்? மிகவும் சோகையாக இருந்த பெண்களில் சிலர் படிப்பை விட்டு ராஜபாளையம் பக்கம் பஞ்சாலை வேலைக்குப் போயிருப்பார்கள். சிலருக்குத் திருமணம் ஆகியிருக்கும். அவர்கள் இரண்டாவது பரிசோதனைக்கு வரவில்லை. எஞ்சியிருப்பவர்கள் ஓரளவு நலமாக இருந்தவர்கள். ஒரு பெண்ணுக்குக்கூட ரத்தம் ஊறாமலே சராசரி உயர்ந்துவிடும். அதே பெண்ணின் முதல் அளவையும் இரண்டாம் அளவையும் அருகருகே வைத்துக் காட்டும் கருவி இருந்தால்தான் உண்மை தெரியும். எந்தெந்தப் பெண்கள் கைவிட்டுப் போனார்கள் என்பதும் தெரியும். திட்டத்துக்கு அதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. இதைப் புரிந்துகொண்டு தேர்வு செய்ய வேண்டியவர் அந்தத் திட்டத்தை நடத்துபவர். படிப்பு மையத்துக்கும் ஊருணிக்கும் ரத்தசோகைக்கும் ஒரே செயலி என்று நீங்கள் முடிவெடுக்கும்போது மூன்றில் இரண்டுக்கு அது பொருந்தாமல் போகிறது.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் கண்ட செயலிகளில் பாதிக்கு மேல் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி வைத்திருக்கின்றன. எங்களுக்கு இருப்பது இனிஷியல். மு. காளீஸ்வரி என்ற பெண்ணுக்கு அந்தக் கட்டத்தில் எதை இடுவது? ஒருவர் முனியசாமி என்று அப்பா பெயரை இடுகிறார், இன்னொருவர் வெறும் எம் என்று போடுகிறார், மூன்றாமவர் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறார். திருமணமானதும் இனிஷியல் மாறுகிறது. செயலியின் கண்ணில் அவர் வேறொரு பெண். அதோடு பெயரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால், முனியசாமியை எத்தனை விதமாக எழுத முடியும் என்று நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரே தெருவில் நாலு முனியசாமி சாதாரணம். பிறகு ஒரு நாள் உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்: உங்கள் பயனாளிப் பட்டியலில் இரட்டைப் பதிவுகள் அதிகம் இருக்கின்றன, விளக்கம் தரவும்.

ஓ.டி.பி. கதையும் அப்படித்தான். பயனாளியின் கைபேசிக்கு வரும் எண்ணைத் தந்தால்தான் பதிவு முடியும் என்று ஒரு செயலி. வீட்டில் இருப்பது ஒரு கைபேசி. அது கணவரோடு திருப்பூரில் இருக்கிறது. அவர் வேலை நேரத்தில் எடுக்க மாட்டார். ஒரு பெண்ணைச் சுயஉதவிக் குழுவில் பதிவு செய்ய அவர் கணவர் திருப்பூரில் இரவு உணவுக்கு உட்காரும் வரை காத்திருக்க வேண்டும். இந்த விதியை வகுத்தவர் நல்லெண்ணத்தோடுதான் வகுத்திருப்பார்; போலிப் பதிவைத் தடுக்க நினைத்திருப்பார். இங்கே ஒரு நாள் வந்து தங்கியிருந்தால் வகுத்திருக்க மாட்டார்.

இடம்பெயர்வும் செயலிகளுக்குப் புரிவதில்லை. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும், பருவத்தைப் பொறுத்துக் கரிமூட்டத்துக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. பிள்ளைகளும் கூடவே போகிறார்கள், மழைக்காலத்துக்கு முன் திரும்பி வருகிறார்கள். செயலியில் இருக்கும் தெரிவுகள் இரண்டு: தொடர்கிறார், இடைநின்றார். திரும்பி வருவார் என்ற மூன்றாவது தெரிவைச் சேர்க்கச் சொல்லி நாங்கள் எழுதிய கோரிக்கைக்கு, அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. நாங்களே அமைத்த படிவமாக இருந்தால் அன்று மாலையே சேர்த்திருப்போம்.

செயல்திறனைக் கண்காணிப்பது பற்றி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2021 மே மாதம் தொழிலாளர் வருகையைப் பதிவுசெய்யும் என்.எம்.எம்.எஸ். செயலி வந்தது, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும், நாளைக்கு இருமுறை, இடக்குறியோடு தொழிலாளர்களின் புகைப்படத்தை ஏற்றுவது கட்டாயமானது. வேலை செய்து முடித்தவர்கள்கூட இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக் கிடந்தார்கள். சர்வர் படுத்துவிட்ட நாளில் உழைத்த கூலி கேள்விக்குறியானது. மோசடி நின்றதா என்றால், 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, நேரில் எடுக்காமல் புகைப்படத்தையே புகைப்படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. ஏமாற்ற நினைப்பவருக்கு ஒரு படம் போதும். ஏமாற்றாதவர்தான் அலைகிறார்.

எங்கள் உலகத்திலும் இதன் சிறிய வடிவம் நடக்கிறது. மையத்துக்கு நாள்தோறும் இத்தனை பிள்ளைகள் வர வேண்டும், குறைந்தால் புள்ளி சிவப்பாகும், இரண்டு மாதம் சிவப்பாக இருந்தால் மையம் மூடப்படும் என்று ஒரு நிதியாளர் வைத்த விதி. ஊரில் கோயில் கொடை விழா என்றால் பிள்ளைகள் வர மாட்டார்கள். ஆசிரியை என்ன செய்வார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வருகை நூற்றுக்கு நூறாகப் பதிவான ஒரு மாதத்தைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. அவருக்கு உண்மையில் உதவக்கூடிய தகவல் வேறு: இந்த மாதம் எந்த ஐந்து பிள்ளைகள் தொடர்ந்து வரவில்லை, எந்தப் பிள்ளை இன்னும் கூட்டெழுத்தில் தடுமாறுகிறது. அதை அவர் கைபேசியிலேயே, அவர் மொழியிலேயே காட்டும் கருவியை அவர் தானாகவே நிரப்புவார். தரவு மேலே மட்டும் போய்க்கொண்டிருந்து கீழே எதுவும் வராத கருவியை யாரும் அக்கறையோடு நிரப்ப மாட்டார்கள். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு தந்த கைபேசிகளை ஆயிரக்கணக்கில் திருப்பி ஒப்படைத்துப் போராடினார்கள். கைபேசியின் தரம் சரியில்லை, ஊட்டச்சத்துப் பணிகளைப் பதிவுசெய்யும் மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். எங்கள் ஆசிரியைகள் கைபேசியைத் திருப்பித் தர முடியாது. அது அவர்களுடைய சொந்தக் கைபேசி, ரீசார்ஜும் அவர்களுடையதுதான்.

பணத்துக்கு வருகிறேன். மென்பொருளுக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆளுக்கும் நிதி கேட்டால், நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் என்று விதியைக் காட்டுகிறீர்கள். அந்த விதியை முழுதாகப் படியுங்கள். 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகளின்படி, 5 சதவீத வரம்பு என்பது நிறுவனம் தன்னுடைய சி.எஸ்.ஆர். பணிகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கு உரியது. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைக்கவும், நடத்தவும், கண்காணிக்கவும், மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வராது என்று வரையறையிலேயே இருக்கிறது. கண்காணிப்பு என்ற சொல்லே அங்கே இருக்கிறது. இலவச மென்பொருள் என்றாலும் செலவு உண்டு: இலவசக் கணக்குகளுக்குப் பதிவு வரம்பு இருக்கும், சர்வர் வாடகை இருக்கும், படிவத்தைத் திருத்தவும் பிழை பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு பாதிச் சம்பளத்தைத் திட்டச் செலவில் எழுதுங்கள். உங்கள் சொந்தத் தளத்துக்கு விற்பனையாளரிடம் ஆண்டுதோறும் கட்டும் லைசென்ஸ் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டம் என்ற கோணத்திலும் உங்களுக்கு இதில் அக்கறை இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவை எதற்காக, எந்த வழியில் கையாள்வது என்று தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ தீர்மானிப்பவரே அதற்குப் பொறுப்பாளர் என்பது அந்தச் சட்டத்தின் வரையறை. எந்தத் தளம், எந்தக் கட்டங்கள் என்பதை நீங்களே விதித்துவிட்டால், ஏதேனும் கசிந்தால் தொண்டு நிறுவனத்தைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம்; ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். உங்கள் செயலியின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு சிறு கட்டத்தை ஆசிரியையே தட்டிவிடுவது எந்தத் தாயின் ஒப்புதல்? ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம் இன்னும் பல படிவங்களில் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் அடையாளத்தைக் கோர இடம்தந்த 57-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பிலேயே நீக்கிவிட்டது. மாலைச் சுண்டலுக்கு ஆதார் எதற்கு?

நாற்பது கூட்டாளி நிறுவனங்கள் நாற்பது விதமாகத் தந்தால் நாங்கள் எப்படி ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்களில் சிலர் இதை என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறீர்கள். ஒப்பிட வேண்டியவை எவை என்று முதலில் முடிவு செய்யுங்கள். அறுபது கேள்விகளை ஒப்பிடும் குழுவை நான் கண்டதில்லை, ஐந்தாறு எண்களைத்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். அந்த ஐந்தாறுக்கும் வரையறையைத் தெளிவாக, தமிழில் எழுதுங்கள்: தொடர்ந்து வருபவர் என்றால் மாதத்தில் எத்தனை நாள் வந்தவர், இடைநின்றவர் என்று எத்தனை மாதத்துக்குப் பிறகு எழுதுவது. ஊராட்சிக்கும் வருவாய்க் கிராமத்துக்கும் மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் எண் இருக்கிறது, அந்த எல்.ஜி.டி. எண்ணை எல்லோரும் இடட்டும், ஊர்ப் பெயரின் எழுத்துக் குழப்பம் தீர்ந்துவிடும். காலாண்டுக்கு ஒருமுறை, நாங்கள் எந்தக் கருவியில் வைத்திருந்தாலும், நீங்கள் சொன்ன பத்தி வரிசையில் ஒரு கோப்பை, பெயர்கள் இல்லாமல், அனுப்புகிறோம். அநேகமாக எல்லாக் கருவியும் அப்படி ஒரு கோப்பைத் தரும். தராத கருவியை யாரும் வாங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் எந்த மையத்துக்கும் வாருங்கள். நோட்டையும் கோப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளைகளை ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த அரைமணி நேரத்தில் தெரிவது எந்த வரைபடத்திலும் தெரியாது.

தேர்வை எங்களிடமே விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் குழுவில் வருகைப் பதிவை நடத்திக்கொண்டு அதையே அமைப்பு என்று நினைக்கும் தொண்டு நிறுவனங்கள் உண்டு. அவர்களுக்கு நீங்கள் ஒரு பயிற்சியாளரை அனுப்பலாம், இரண்டு மூன்று கருவிகளைப் பரிந்துரைக்கலாம், ஒரே வட்டாரத்தில் வேலை செய்யும் நிறுவனங்களைச் சேர்த்து ஒரே படிவத்தை ஒப்புக்கொள்ள வைக்கலாம். ஒரே பகுதியில் நிதி தரும் நீங்கள் மூன்று பேரும் முதலில் உங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அந்தச் சுண்டலையும் பாடத்தையும் ஒரே பதிவில் எழுத அதுவே போதும்.

இன்னொன்று, இது ஏற்கெனவே முடிந்துபோன திட்டங்களைப் பற்றியது. ஒரு நிதியாளரின் மூன்றாண்டுத் திட்டம் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் எங்கள் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. மூன்று ஆண்டுகள் ஆசிரியைகள் இட்ட வருகையும் மதிப்பெண்ணும் உள்ளே இருக்கின்றன. கேட்டபோது, தளம் வேறு விற்பனையாளருக்கு மாறுகிறது என்றார்கள்; பிறகு பதில் இல்லை. அந்தப் பிள்ளைகள் இன்னும் எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களை நாங்கள் முதல் நாளிலிருந்து மறுபடி பதிவு செய்தோம். அரசாங்கங்களுக்கும் இது நடக்கிறது: காம்கேரின் மீது கட்டப்பட்ட ஐ.சி.டி.எஸ்.-கேஸ் செயலியைப் பல மாநில அங்கன்வாடிப் பணியாளர்கள் கற்றுப் பழகிய பிறகு, 2021-இல் போஷன் டிராக்கர் வந்தது. திரும்பவும் முதலிலிருந்து கற்றார்கள். அரசுக்கு அதைத் தாங்கும் பலம் இருக்கிறது.

ஆகவே, உங்கள் தளங்களில் முடிந்துபோன திட்டங்களின் கணக்குகளை இந்த நிதியாண்டு முடிவதற்குள் ஒருமுறை திறந்து பாருங்கள். எந்த நிறுவனம் இட்டதோ அந்த நிறுவனத்துக்கு முழுத் தரவையும் எக்செலில் திறக்கும் கோப்பாக அனுப்புங்கள். பிறகு உங்களிடம் இருக்கும் பிள்ளைகளின் பெயர், படம், ஆதார் எண், வீட்டு இடக்குறி ஆகியவற்றை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தெரிவியுங்கள். கோப்பு பெரியதாக இருந்தால் பென் டிரைவில் அஞ்சலில் அனுப்பினாலும் போதும். அஞ்சல் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
களத் தரவுப் பணியாளர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்